முதல் பாங்காக் டிரிப்: ரெண்டு பேர், 5 நாள், கடன் இல்லாம எப்படி?

கல்யாணம் ஆன புதுசுல சம்பளக்கார ஜோடிகள் எல்லாரும் ஒரு தடவையாவது பேசுற விஷயம் இது: "ஒரு வெளிநாட்டு டிரிப் போயிட்டு வந்துரலாமா?" பட்ஜெட்ல போகணும்னா லிஸ்ட்ல முதல்ல வர்ற ஊர்கள்ல ஒண்ணு பாங்காக். சென்னையில இருந்து நேரடி விமானத்துல சுமார் மூன்றரை மணி நேரம். 2024 ஜூலை 15-ல இருந்து இந்தியப் பாஸ்போர்ட் வச்சிருக்கிறவங்க சுற்றுலாவுக்கு விசா எடுக்காமலே 60 நாள் வரை தங்கலாம்னு தாய்லாந்து அறிவிச்சது. (இந்த மாதிரி விதிகள் மாறக்கூடியவை. டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி தூதரக இணையதளத்தை ஒரு தடவை பார்த்துருங்க.)

எங்க போகலாம், என்ன சாப்பிடலாம்னு சொல்ல ஆயிரம் வீடியோ இருக்கு. நான் ஆடிட்டர், அதனால பணத்தைப் பற்றிப் பேசுறேன். இந்தப் பதிவுல நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். இந்த டிரிப்புக்கு உங்களுக்கு ஆகப்போற செலவை அந்த ஊர் விலைவாசி மட்டும் முடிவு பண்றதில்ல. நீங்க எந்தப் பணத்தை எடுத்து, எந்த வழியில கட்டுறீங்க என்பதும் சேர்ந்துதான் முடிவு பண்ணுது. ஒரே ஹோட்டல், ஒரே சாப்பாடு, ஒரே 5 நாள்தான். ஆனா ஒரு ஜோடிக்கு 1.10 லட்சத்துல முடியும், இன்னொரு ஜோடிக்கு 1.35 லட்சம் ஆகும். அந்த வித்தியாசம் எங்க போகுதுன்னு பார்ப்போம்.

வரி விதிகள் எல்லாம் 2025-26 நிதியாண்டுக்கானவை.

1. முதல்ல ஒரு பட்ஜெட்

கணக்குக்காக 1 பாட் = 2.75 ரூபாய்னு வச்சுக்குவோம். 5 நாள், 4 ராத்திரி, ரெண்டு பேர். ஆடம்பரமும் இல்ல, கஞ்சத்தனமும் இல்ல:

- விமான டிக்கெட், போக வர, ரெண்டு பேருக்கும்: 40,000 ரூபாய்
- ஹோட்டல், ராத்திரிக்கு 1,600 பாட் வீதம் 4 ராத்திரி: 6,400 பாட் = 17,600 ரூபாய்
- ஊருக்குள்ள போக்குவரத்து: 1,800 பாட் = 4,950 ரூபாய்
- சாப்பாடு, ஒருத்தருக்கு நாளைக்கு 450 பாட்: 4,500 பாட் = 12,375 ரூபாய்
- நுழைவுச்சீட்டுகள்: 2,000 பாட் = 5,500 ரூபாய்
- ஷாப்பிங்: 5,000 பாட் = 13,750 ரூபாய்
- எதிர்பாராத செலவு: 4,000 பாட் = 11,000 ரூபாய்
- டிராவல் இன்சூரன்ஸ், இ-சிம்: 3,000 ரூபாய்

மொத்தம் 1,08,175 ரூபாய். சுமாரா 1.10 லட்சம். இதுல டிக்கெட், இன்சூரன்ஸ், சிம் தவிர மத்த எல்லாம் பாட்ல செய்யுற செலவு: 23,700 பாட், அதாவது 65,175 ரூபாய். இந்த நம்பரை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

உங்க டிக்கெட் விலையும் ஹோட்டல் விலையும் வேறயா இருக்கலாம். பரவாயில்ல, உங்க நம்பரைப் போட்டு இதே மாதிரி ஒரு லிஸ்ட் எழுதிருங்க. "ஒரு லட்சத்துக்குள்ள முடிச்சிரலாம்"னு வாயால சொல்றது பட்ஜெட் ஆகாது. அப்புறம், "எதிர்பாராத செலவு" வரியை மட்டும் எடுத்துராதீங்க. முதல் தடவை போற ஊர்ல அது கண்டிப்பா தேவைப்படும்.

2. அந்த 1.10 லட்சம் எங்க இருந்து வரணும்?

இப்ப டிக்கெட் புக் பண்ற பக்கத்துலயே "இப்ப போங்க, அப்புறம் கட்டுங்க"னு ஒரு பட்டன் வருது. அதுக்குப் பின்னாடி இருக்கிறது சாதாரண பர்சனல் லோன்தான். 1.10 லட்சம், 16% வட்டி, 24 மாசம்னு எடுத்துக்குவோம். இஎம்ஐ சுமார் 5,386 ரூபாய். 24 மாசத்துல நீங்க கட்டுறது 1,29,264 ரூபாய். பிராசஸிங் ஃபீ 2%, அதுக்கு ஜிஎஸ்டி சேர்த்தா இன்னும் 2,596 ரூபாய். அதாவது அதே டிரிப்புக்குக் கிட்டத்தட்ட 21,900 ரூபாய் கூடுதல். போக வர ஒரு டிக்கெட்டோட விலை!

இப்ப இன்னொரு வழி. ரெண்டு பேரும் ஆளுக்கு 5,500 ரூபாய் வீதம் ஒரு ஆர்டி போடுங்க. மாசம் 11,000, பத்து மாசம். 1.10 லட்சம் சேர்ந்துரும், வட்டி தனி.

ஏன் நிறைய பேர் லோன் பக்கம் போறாங்கன்னா, 5,386ங்கிற நம்பர் 11,000-ல பாதிதானே, சின்னதா தெரியுது. ஆனா 11,000 பத்து மாசத்துல முடிஞ்சிரும். 5,386 ரெண்டு வருஷம் ஓடும். டிரிப் ஃபோட்டோ எல்லாம் ஃபோன் கேலரில எங்கயோ கீழ போயிருக்கும், இஎம்ஐ மட்டும் மாசம் 5-ம் தேதி தவறாம வரும்.

இதுல வட்டியை விடப் பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு. அடுத்த ரெண்டு வருஷத்துல வீட்டுக் கடன் வாங்குற யோசனை இருந்தா கவனிங்க. பேங்க் உங்க சம்பளத்துல எவ்வளவு இஎம்ஐ தாங்கும்னு கணக்குப் போட்டு, ஏற்கெனவே ஓடுற இஎம்ஐயை அதுல கழிக்கும். 8.5% வட்டி, 20 வருஷக் கடன்னா லட்சத்துக்கு இஎம்ஐ சுமார் 868 ரூபாய். அப்போ 5,386 ரூபாய் இஎம்ஐ உங்க வீட்டுக் கடன் தகுதியில சுமார் 6 லட்சத்தைக் குறைக்கும். 5 நாள் டிரிப்புக்காக, வீடு வாங்கும்போது 6 லட்சத்துக்கு வேற வழி தேட வேண்டி வரலாம். லோன் எடுக்கும்போது இதை யாரும் சொல்ல மாட்டாங்க.

கிரெடிட் கார்டுல தேய்ச்சிட்டு மினிமம் மட்டும் கட்டுறது இன்னும் மோசம். மாசம் 3.5% வட்டின்னா வருஷத்துக்கு 42%. அதைப் பற்றி நம்ம சேனல்ல தனி வீடியோ இருக்கு, இங்க விட்டுரலாம்.

3. பணத்தை எப்படி எடுத்துட்டுப் போறது?

இப்ப அந்த 65,175 ரூபாய்க்கு வருவோம். இதை பாட்டா மாத்துறதுக்கு நாலு வழி இருக்கு.

*சாதாரண கிரெடிட் கார்டு.* பல கார்டுகள்ல வெளிநாட்டுச் செலவுக்கு 3.5% வரை மார்க்அப் ஃபீ, அது மேல 18% ஜிஎஸ்டி. சேர்த்தா 4.13%. எல்லாச் செலவும் இதுல போனா சுமார் 2,690 ரூபாய் ஃபீயாவே போயிரும்.

*டெபிட் கார்டு, ஏடிஎம்.* தாய்லாந்து ஏடிஎம்கள்ல வெளிநாட்டு கார்டுக்கு ஒவ்வொரு தடவையும் பொதுவா 220 பாட் கட்டணம், அதாவது 605 ரூபாய். "கொஞ்சம் கொஞ்சமா எடுத்துக்கலாம்"னு அஞ்சு தடவை எடுத்தா 3,025 ரூபாய். உங்க பேங்கோட கட்டணமும் மார்க்அப்பும் தனி.

*மார்க்அப் இல்லாத கார்டு அல்லது ஃபாரெக்ஸ் கார்டு.* நாணய மாற்றத்துக்கு ஜிஎஸ்டி உண்டு, ஆனா ரொம்பக் குறைவு. 1 லட்சம் வரை மாத்தினா, தொகையில 1%-ஐ மதிப்பா எடுத்து அதுல 18%. 65,175-க்கு சுமார் 117 ரூபாய்தான். ஆனா ஃபாரெக்ஸ் கார்டு கொடுக்கிறவங்க ரேட்லயே லாபம் வச்சிருப்பாங்க. அன்னைக்கு மார்க்கெட் ரேட் என்னன்னு பார்த்துட்டு ஒப்பிடுங்க. "ஃபீ கிடையாது"ங்கிற வார்த்தையை மட்டும் பார்க்காதீங்க.

*ரொக்கம்.* சாலையோரக் கடை, படகு, சந்தை எல்லாத்துக்கும் பாட் நோட்டு வேணும். அங்க கடையில ஒட்டியிருக்கிற கியூஆர், அந்த ஊரோட பிராம்ப்ட்பே. நம்ம ஜிபேயை நம்பிப் போகாதீங்க. சுவர்ணபூமி விமான நிலையத்துல பணம் மாத்துறதா இருந்தா, கீழ்த்தளத்துல ரயில் நிலையம் பக்கத்துல இருக்கிற கவுன்டர்கள்ல ரேட் பெரும்பாலும் மேல இருக்கிற பேங்க் கவுன்டர்களை விட நல்லா இருக்கும்.

நான் சொல்றது கலவை: ஹோட்டலுக்கும் மால் செலவுக்கும் மார்க்அப் இல்லாத கார்டு ஒண்ணு, அன்றாடச் செலவுக்கு ரொக்கம், அவசரத்துக்கு மட்டும் இன்னொருத்தர் பேர்ல வேற பேங்க் கார்டு ஒண்ணு. கிளம்புறதுக்கு முன்னாடி பேங்க் ஆப்ல வெளிநாட்டுப் பயன்பாட்டை ஆன் பண்ணிருங்க.

இன்னொரு முக்கியமான விஷயம். கார்டு மெஷின்ல சில சமயம் "பாட்ல கட்டுறீங்களா, இந்திய ரூபாய்ல கட்டுறீங்களா?"னு கேட்கும். நம்ம ரூபாயைப் பார்த்ததும் கை தானா அங்க போகும். போக விடாதீங்க. ரூபாயைத் தேர்ந்தெடுத்தா ரேட்டை அந்த மெஷின்காரங்க வைப்பாங்க, அது எப்பவும் உங்களுக்கு நஷ்டம். பாட்தான் அமுக்கணும்.

4. பேக்கேஜ் எடுத்தா டிசிஎஸ்

டிராவல் ஏஜென்ட் கிட்ட விமானம், ஹோட்டல் எல்லாம் சேர்த்து பேக்கேஜா எடுத்தா, 10 லட்சம் வரை 5% டிசிஎஸ் பிடிப்பாங்க. 1.10 லட்சம் பேக்கேஜ்னா 5,500 ரூபாய். டிக்கெட் மட்டும் அல்லது ஹோட்டல் மட்டும் தனியா வாங்கினா அது பேக்கேஜ் கணக்குல வராது.

"5,500 போச்சே"னு நிறைய பேர் நினைக்கிறாங்க. போகல. அது உங்க பான் நம்பர்ல முன்கூட்டியே கட்டின வருமான வரி. எடுக்க ரெண்டு வழி:

- சம்பளக்காரங்க 12பிஏஏ படிவத்துல அந்த விவரத்தை ஆபீஸ்ல கொடுக்கலாம். மீதி மாசங்கள்ல சம்பளத்துல பிடிக்கிற டிடிஎஸ்ஸை அந்த அளவுக்குக் குறைச்சுக்குவாங்க. 2024 அக்டோபர்ல இருந்து வந்த வசதி இது.
- இல்லைன்னா ஐடிஆர்ல காட்டி ரீஃபண்ட் வாங்கலாம். அதுக்கு முன்னாடி 26ஏஎஸ்-ல அந்தத் தொகை வந்திருக்கான்னு பாருங்க.

யார் பேர்ல பேக்கேஜ் எடுக்குறீங்களோ அவங்க பான்லதான் வரவு வரும். வருமானம் குறைவா இருக்கிறவர் பேர்ல எடுத்திருந்தா, வரியே இல்லைன்னாலும் ஐடிஆர் போட்டாத்தான் பணம் திரும்பும்.

நீங்களே தனித்தனியா புக் பண்ணி, ஃபாரெக்ஸ் கார்டுல 65,000 ஏத்தினா டிசிஎஸ் கிடையாது. வருஷத்துக்கு ஒருத்தருக்கு 10 லட்சம் தாண்டினாத்தான் அது. ஆனா வெளிநாட்டுப் பயணச் செலவு வருஷத்துல 2 லட்சத்தைத் தாண்டினா, வருமானம் எவ்வளவு குறைவா இருந்தாலும் ஐடிஆர் கட்டாயம்.

5. ஊருக்குள்ள காசு எங்க ஒழுகும்?

கிளம்புறதுக்கு முன்னாடியே ஒரு ஒழுகல் இருக்கு. 2025 மே 1-ல இருந்து தாய்லாந்து போற எல்லாரும் டிஜிட்டல் வருகை அட்டையை ஆன்லைன்ல நிரப்பணும், இறங்குறதுக்கு முந்தின 3 நாளுக்குள்ள. இது இலவசம். தேடினா கட்டணம் கேட்கிற தளங்கள் முதல்ல வரும். தாய்லாந்து குடிவரவுத் துறையோட தளத்துல மட்டும் நிரப்புங்க. ரிட்டர்ன் டிக்கெட், ஹோட்டல் புக்கிங் பிரின்ட் கையில இருக்கட்டும், கேட்டா காட்டணும்.

விமான நிலையத்துல இருந்து ஊருக்குள்ள போக ஏர்போர்ட் ரயில் இருக்கு. கடைசி நிறுத்தம் பயா தாய், ஆளுக்கு 45 பாட், அரை மணி நேரம். அங்கேயே பிடிஎஸ் ஸ்கைட்ரெயினுக்கு மாறிக்கலாம். டாக்ஸின்னா மீட்டர் 35 பாட்ல ஆரம்பிக்கும், விமான நிலையக் கட்டணம் 50 பாட், டோல் தனி. மீட்டர் போடலைன்னா ஏறாதீங்க. ராத்திரி வந்து இறங்குறீங்க, கையில ரெண்டு பெட்டின்னா டாக்ஸியே எடுங்க, அதுல மிச்சம் பிடிக்க வேண்டாம்.

ஊர்ல டிராஃபிக் நம்ம ஓஎம்ஆரை மறக்கடிச்சிரும். அதனால ஹோட்டலை பிடிஎஸ் இல்ல எம்ஆர்டி ஸ்டேஷன்ல இருந்து நடக்கிற தூரத்துல எடுங்க. ராத்திரிக்கு 200 பாட் கம்மின்னு தள்ளி எடுத்தா, அது டாக்ஸில போயிரும், நேரமும் போயிரும்.

கிராண்ட் பேலஸ் 500 பாட், வாட் போ 300 பாட், வாட் அருண் 200 பாட். ரெண்டு பேருக்கு 2,000 பாட், பட்ஜெட்ல போட்டது இதுதான். மூணும் ஆத்தோரம், ஒரே நாள்ல முடிக்கலாம். எம்ஆர்டில சனம் சாய் ஸ்டேஷன் பக்கம். சாவ் பிரயா ஆத்துல ஆரஞ்சுக் கொடி படகு 16 பாட்தான். காசு கட்டி சுத்திக் காட்டுற படகுல பார்க்கிற அதே கரையை இதுலயும் பார்க்கலாம். தோளும் முட்டியும் மூடுற உடுப்பு போடுங்க, இல்லைன்னா அங்க போய் ஒரு பேன்ட் வாங்க வேண்டி வரும்.

அரண்மனை வாசல் பக்கத்துல யாராவது நல்லா உடுத்திட்டு வந்து, "இன்னைக்கு மூடியிருக்கு, நான் வேற கோயில் காட்டுறேன், டுக்டுக் 20 பாட்தான்"னு சொன்னா, சிரிச்சுட்டு நடந்துருங்க. அந்த வண்டி கடைசியில ரத்தினக் கல் கடையிலயும் தையல் கடையிலயும்தான் நிற்கும். பாங்காக்கோட ரொம்பப் பழைய மோசடி இது. டிக்கெட் கவுன்டர் வரைக்கும் போய் நீங்களே பாருங்க.

சாப்பாட்டுக்கு மால்கள்ல இருக்கிற ஃபுட் கோர்ட் நல்ல வழி. அசோக் ஸ்டேஷன் பக்கம் டெர்மினல் 21 மால்ல பியர் 21-ங்கிற ஃபுட் கோர்ட்ல ஆளுக்கு 100 பாட்டுக்குள்ள ஒரு வேளை முடிச்சிரலாம். கார்டுல காசு ஏத்தி வாங்கணும், மீதியைத் திரும்ப வாங்கிக்க மறக்காதீங்க. சைவம்னா மஞ்சள் கொடியில சிவப்பா 'ஜே' எழுத்து இருக்கிற கடையைத் தேடுங்க, அங்க மீன் சாஸ் கூட இருக்காது.

காசே இல்லாம பார்க்க ஒரு இடம்: சீலோம் ரோட்டுல இருக்கிற ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில். 19-ம் நூற்றாண்டுல அங்க போன தமிழர்கள் கட்டினது. உள்ள போனா கும்பிடுறவங்கள்ல பாதிப் பேருக்கு மேல தாய் மக்களா இருப்பாங்க.

6. ஷாப்பிங்: ரீஃபண்டும் தங்கமும்

சுற்றுலாப் பயணிகளுக்கு 7% வாட் ரீஃபண்ட் உண்டு. ஆனா அந்தத் திட்டத்துல இருக்கிற ஒரே கடையில ஒரே நாள்ல 2,000 பாட்டுக்கு வாங்கணும், பாஸ்போர்ட் காட்டி படிவம் வாங்கணும், பெரிய தொகைக்கு வாங்கியிருந்தா விமான நிலையத்துல செக்-இன்னுக்கு முன்னாடி கஸ்டம்ஸ் முத்திரையும் வாங்கணும். 2,000 பாட் பில்லுல இருக்கிற வாட் சுமார் 130 பாட்தான், அதுலயும் சேவைக் கட்டணம் கழியும். ரீஃபண்ட் வருதேன்னு 1,400 பாட்ல முடிய வேண்டிய பில்லை 2,000 ஆக்கினா நஷ்டம் உங்களுக்குத்தான். சதுசாக் வார இறுதிச் சந்தைக் கடைகள்ல இதெல்லாம் எதிர்பார்க்காதீங்க. அங்க பேரம்தான் ரீஃபண்ட்.

யாவரத் ரோட்டுல வரிசையா தங்கக் கடைகளைப் பார்த்ததும் ஆசை வரும். அங்க தங்கத்தை 'பாட்' எடையில விப்பாங்க, நகைக்கு ஒரு பாட் 15.16 கிராம், சுத்தம் 96.5%. பவுன் கணக்கோட குழப்பிக்காதீங்க. நகைக்கு நம்ம கஸ்டம்ஸ் கொடுக்கிற சலுகை ஒரு வருஷத்துக்கு மேல வெளிநாட்டுல இருந்தவங்களுக்குத்தான். 5 நாள் போயிட்டு வர்றவங்களுக்கு அது கிடையாது. டூட்டி போட்டா கணக்கு தலைகீழா மாறிரும்.

7. ரெண்டு பேரும் பேச வேண்டியது

பல ஜோடிகளுக்கு ரெண்டு சம்பளத்துல இருந்தும் சேர்த்துச் செய்யுற முதல் பெரிய செலவு இந்த மாதிரி டிரிப்தான். அது வரைக்கும் வாடகை ஒருத்தர், மளிகை ஒருத்தர்னு ஓடிட்டு இருந்திருக்கும். ஒருத்தர் ஒவ்வொரு பாட்டையும் 2.75-ஆல பெருக்கிப் பார்ப்பார். இன்னொருத்தர் "வந்ததே ஒரு தடவை, விடுங்க"ன்னு சொல்வார். சண்டை மூணாவது நாள் ஏதாவது ஒரு கடை வாசல்ல வரும். அதை வீட்டுலயே பேசி முடிச்சிரலாம்:

- ஷாப்பிங் 5,000 பாட்டை ஆளுக்கு 2,500-ஆ பிரிச்சிருங்க. அதுல என்ன வாங்கினாலும் மத்தவர் கேள்வி கேட்கக் கூடாது.
- ரொக்கம் ஒருத்தர் கையில, கார்டு இன்னொருத்தர் கையில. ஒரு பை தொலைஞ்சாலும் ரெண்டு பேரும் மாட்டிக்க மாட்டீங்க.
- ராத்திரி ரூமுக்கு வந்ததும் அன்னைக்குச் செலவை ஃபோன்ல எழுதுங்க. அஞ்சு நிமிஷ வேலை.
- வீட்டுப் பெரியவங்களுக்கும் ஆபீஸுக்கும் வாங்குற சாமானுக்கு ஒரு தொகை முன்னாடியே முடிவு பண்ணுங்க. ஷாப்பிங் பட்ஜெட் உடையறது பெரும்பாலும் அங்கதான்.

டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி கடைசியா மூணு கேள்வி. கார்டுல பழைய பாக்கி இருக்கா? மூணு மாசச் செலவுக்கான அவசர நிதி, டிரிப் பணத்தைத் தொடாம, தனியா இருக்கா? ரெண்டு பேர் வீட்டு அப்பா அம்மாவுக்கும் ஹெல்த் இன்சூரன்ஸ் இருக்கா? முதல் கேள்விக்கு "இல்ல", மத்த ரெண்டுக்கும் "இருக்கு"ன்னா தாராளமா போங்க. "இப்ப எதுக்கு இந்தச் செலவு?"னு வீட்டுல கேட்டா, ஆர்டி பாஸ்புக்கைக் காட்டலாம். பதில் வேற மாதிரி இருந்தா, டிரிப்பை ரத்து பண்ண வேண்டாம், ஒரு வருஷம் தள்ளிப் போடுங்க. பாங்காக் எங்கயும் போயிராது.

இந்த மாசம் சம்பளம் வந்ததும் ரெண்டு பேரும் உட்கார்ந்து முதல் பகுதில இருக்கிற லிஸ்டை உங்க நம்பரோட எழுதுங்க. மொத்தத்தைப் பத்தால வகுத்தா வர்றதுதான் உங்க ஆர்டி தொகை. எவ்வளவு வந்ததுன்னு கமென்ட்ல சொல்லுங்க, சந்தேகம் இருந்தா அங்கேயே கேளுங்க.